டிராக்டரின் பின்னால் போன ஜெபமணி சார்

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் திருநகர்ப் பகுதியின் கட்டடக் கழிவு சேகரிப்பு மையத்தில் வாசல் பொறுப்பைப் பார்க்கும் முத்துலட்சுமிதான் பேசினார்.

"அக்கா, சார் வீட்டுப் பக்கம் கொஞ்சம் வாங்க. பேப்பர் வாசல்லயே கெடக்கு. கூப்பிட்டா சத்தம் இல்ல. மக வீட்டுக்குப் போயிருப்பாருன்னு எதுத்த வீட்டுல சொல்றாக. எனக்கு நம்பிக்கை இல்ல."

போனேன். பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தபோது ஜெபமணி சார் நாற்காலியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி மார்பில் விழுந்து கிடந்தது. மருத்துவர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். முத்துலட்சுமி விடவில்லை. "நல்லாப் பாத்தீங்களா சார்? இன்னொரு தடவ பாத்துருங்களேன்" என்றார். அந்த இளம் மருத்துவர் முகம் சுளிக்காமல் மறுபடியும் பார்த்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமணி சார் ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் பல ஆண்டுகள் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கிரேஸ் அக்காவுடன் எங்கள் தெருவுக்கு வந்து வீடு கட்டிக் குடியேறினார். ஒரே மகள் வசந்தி கோவையில் இருக்கிறார். தெருவில் அவருக்கு இருந்த பெயர் ஒன்றுதான், சந்தேகப் பேர்வழி. அதை அவருக்குப் பின்னால் மட்டும் சொல்லவில்லை. முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

நாங்கள் புதுமனை புகுந்த நாளில் ஒரு கிண்ணத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிரேஸ் அக்கா மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். சார் கிண்ணத்தைக் கையில் வாங்கி, கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்துவிட்டு, "முந்திரி எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. கிரேஸ் அக்கா சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா. கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா போட்ட மோதிரத்தையே உரசிப் பாத்த மனுசன்" என்றார். சார் கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். "ஹாஸ்டல்ல அரிசி மூட்டை வரும்மா. மேல நல்ல அரிசியாத்தான் இருக்கும். தோள் வரைக்கும் கையை உள்ள விட்டுத்தான் எடுத்துப் பாப்பேன். பழகிருச்சு" என்றார். அதன் பிறகு எனக்கு அவர்மீது கோபம் வந்ததில்லை.

கிரேஸ் அக்கா இறந்த பிறகு அவர் வெளியே வருவது குறைந்துபோனது. சமையல் மேடையின் அடியில் எங்கோ நீர் கசிந்து சுவரெல்லாம் பாசி படிந்தது. கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு சுத்தியலையும் உளியையும் வாங்கி வந்து தானே உடைக்கத் தொடங்கினார். பகலெல்லாம் அவர் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது, மேடையின் சுவரிலிருந்து டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறத்தில், பச்சைக் கிளி படம் போட்ட டைல்ஸ். "அவ தேடி அலைஞ்சு வாங்குனது. ஒண்ணாவது முழுசா வரும்னு பாக்குறேன், எல்லாம் உடையுது" என்றார். தூசியில் அவர் இமைமுடி வரை வெளுத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் காலியிடத்தில் சேகரிப்பு மையம் திறந்தார்கள். அதற்கு முன்பு எங்கள் பகுதியில் வீட்டை இடித்தாலும் கழிப்பறையை மாற்றினாலும் கழிவெல்லாம் கண்மாய்க் கரையில்தான் போய் விழும். மேற்கே இருக்கும் அந்தக் கண்மாய் மேடாக மேடாக, மழைக்காலத்தில் எங்கள் கடைசித் தெருவில் தண்ணீர் புகுந்துவிடும். எனவே மையம் வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. செங்கல்லும் காரையும் ஒரு தடுப்பில், டைல்ஸும் பீங்கானும் ஒரு தடுப்பில், மரமும் இரும்பும் தனித்தனியாக. ஒப்பந்தம் எடுத்தவர்களின் டிராக்டர் அவற்றை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள கூடத்துக்குப் போகும். அங்கே அரைத்து மணலாகவும் ஜல்லியாகவும் ஆக்குவார்கள் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை சொன்னது நான்.

வாசல் பொறுப்புக்குப் பழங்காநத்தத்திலிருந்து முத்துலட்சுமி வந்தார். ஜெபமணி சார் தன் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சாக்கை வைத்துக்கொண்டு முதல் தடவை போனபோது நானும் பழைய கதவுச் சட்டம் ஒன்றைப் போட அங்கே போயிருந்தேன். முத்துலட்சுமி சாக்கின் வாயைப் பிரித்து அப்படியே தரையில் கவிழ்த்தார்.

"என்னம்மா இது? டைல்ஸுன்னு சொன்னேனே."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாக. உள்ள பெயிண்ட் டப்பா இருக்கும், ஆஸ்பெட்டாஸ் துண்டு இருக்கும். கொட்டிப் பாக்காம வாங்க மாட்டேன்."

சார் காலிச் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது, "அந்தப் பொம்பள என்ன இம்புட்டுச் சந்தேகப்படுது?" என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மழை தொடங்கியது. கடைசித் தெருவில் மறுபடியும் தண்ணீர் புகுந்தது, அதுவும் முன்னைவிட அதிகமாக. மையம் வந்த பிறகு ஏன் இப்படி என்று எல்லோரும் வானத்தைக் குறை சொன்னோம். ஜெபமணி சார் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடக்கப் போனார். அடுத்து வந்த சங்கக் கூட்டத்தில், நாங்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து, ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். சேறு படிந்த மஞ்சள் துண்டுகள். ஒன்றில் கிளியின் அலகு தெரிந்தது.

"இது என் வீட்டு அடுப்படி. மையத்துல நான் கையால குடுத்தது. கண்மாய்க்குள்ள கெடந்துச்சு. இது எப்படி அங்க போச்சு?"

எங்கள் சங்கத் தலைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் குடும்பம் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறது. யாரையும் கடிந்து பேசாதவர், கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நிற்பவர், எங்கள் எல்லோருடைய மரியாதைக்கும் உரியவராக இருந்தவர். அவர் சொன்னார்: "சார் சொல்றது சரிதான். வாசல்ல இருக்கிற அந்தப் பொண்ணையும் டிரைவரையும் கொஞ்சம் கவனிக்கணும். ரெண்டு பேரும் நின்னு டீ குடிக்கிறதை நானே பாத்திருக்கேன்."

அந்த வார்த்தை சாரின் மனதில் நன்றாகவே தைத்துவிட்டது. ஏற்கெனவே அவருக்கு முத்துலட்சுமிமேல் ஒரு மனத்தாங்கல். மறுநாள் காலை மைய வாசலில், கழிவு போட வந்தவர்கள் வரிசையில் நிற்க, அவர் சத்தமாகக் கேட்டார். "நீயும் டிரைவரும் சேந்து பண்ற திருட்டு எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

முத்துலட்சுமி கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "டீ குடிச்சா கூட்டாளியா சார்?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரத்திலேயே ஒப்பந்தக்காரர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தெருவில் எல்லோரும் சாரைப் பாராட்டினார்கள். சந்தேகப் பேர்வழி என்று சொன்ன வாய்களே, "அவரு கண்ணுல ஒண்ணும் தப்பாது" என்று பேசின.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாராட்டோடு நிறுத்தியிருப்பார்கள். ஜெபமணி சார் அந்தப் பாராட்டையே சந்தேகப்பட்டார். ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். "புதுசா வந்திருக்கிற ஆளு ஒரு சாக்கையும் பிரிச்சுப் பாக்குறது இல்லம்மா. யார் எதைக் கொண்டாந்தாலும் போடுங்கன்றான். அந்தப் பொம்பள திருடியா இருந்தா எதுக்கு ஒவ்வொரு சாக்கையா கொட்டிப் பாத்துச்சு? திருடுறவளுக்கு அது என்ன வேலை?" போகத் திரும்பியவர் நின்று, "டீ குடிச்சதைத் தலைவரு எங்க இருந்து பாத்தாரு? அவரு மையத்துக்கு வந்து நான் பாத்ததே இல்லையே" என்றார்.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களையும் சேத்துத்தான் சந்தேகப்படுறேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு லீவு போட முடியுமா? கூட ஒரு சாட்சி வேணும்" என்றார். சந்தேகிக்கப்படும் ஆளையே சாட்சிக்குக் கூப்பிடும் மனிதரை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

மறுநாள் மதியம் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, டிராக்டரைத் தொடர்ந்து போனேன். நெடுஞ்சாலைக்குப் போய்க் கூடம் இருக்கும் திசையில் திரும்ப வேண்டிய டிராக்டர், அதற்கு முன்பே மண்பாதையில் இறங்கியது. சார் அவசரப்படவில்லை. புழுதி அடங்கட்டும் என்று ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பிறகு மெல்லப் போனார். கண்மாயின் மறுகரையில் தகர வேலி போட்டிருந்தது. வேலிக்குள் டிராக்டர் கழிவைக் கொட்டியது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, குடை பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் நிரவ வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் சங்கத் தலைவர்.

எங்களைப் பார்த்தும் அவர் பதறவில்லை. "வாங்க சார். வாங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க, நிழலுக்கு வாங்க" என்றார்.

"இது யார் இடம்?" சார் கேட்டார்.

"என் இடம்தான். பள்ளமா கெடக்கு, மேடாக்குறேன். சும்மா போற கழிவு, ஒரு உபயோகத்துக்கு ஆகட்டுமே."

"கண்மாய்க் கரைக்கு உள்பக்கம் உங்களுக்கு எப்படி இடம் வந்துச்சு?"

"பட்டா இருக்கு சார்."

"இருக்கும்" என்றார் சார். "தண்ணி வந்தா அது எங்கிட்டுப் போகும்? அதுக்கும் பட்டா இருக்கா?"

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஓட்டுநர் எங்களைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் சார் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். அன்று நாங்கள் கண்டுபிடித்ததில் அவருக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை என்பது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. தெருமுனை வந்ததும் வண்டியை நிறுத்தினார். "பழங்காநத்தத்துல அந்தப் பிள்ளை வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?"

ஒரு சந்துக்குள் இருந்த சின்ன வீடு. முத்துலட்சுமி எங்களை உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஆனால் உட்காரவில்லை. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா. உன்னைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிரு" என்றார்.

"மன்னிப்புக் கேக்க இங்க வந்திருக்கீக" என்றார் முத்துலட்சுமி. குரல் உயரவே இல்லை. "என்னைய திருடின்னு சொன்னது அங்க வச்சு. அம்புட்டுப் பேரும் கேக்கச் சொன்னீக. என் மாமியா காதுக்கு அன்னைக்குச் சாயங்காலமே வந்துருச்சு. இப்ப வீட்டுக்குள்ள, கதவுக்குப் பின்னாடி நின்னு சொல்றீக. இது எப்படி சார் சரியாகும்?"

சார் எழுந்தார். "சரியாகாது" என்றார். "வாரேன்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆராதனைக்குப் போகவில்லை. முத்துலட்சுமியைத் திருடி என்று சொன்ன நாளில் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே போய் அழைத்து, மைய வாசலுக்கு வரச் செய்தார். முத்துலட்சுமியும் தன் மாமியாரோடு வந்திருந்தார். தேய்த்து வைத்த சட்டை போட்டு வந்திருந்த சார், முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"இந்த இடத்துல வச்சு முத்துலட்சுமியைத் திருடின்னு சொன்னேன். நான் எதையும் பாக்கல. இன்னொருத்தர் சொன்னதைக் கேட்டுச் சொன்னேன். ஆயுசு பூரா மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தவன், அன்னைக்கு மட்டும் பாக்காமப் பேசிட்டேன். அவங்க திருடி இல்ல. நான் சொன்னதுதான் பொய். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

கை கூப்பினார். முத்துலட்சுமியின் மாமியார்தான் முதலில், "சரிய்யா, விடுங்க" என்றார். முத்துலட்சுமி அப்படி விடவில்லை. "கேட்டாச்சு சார். என் வேலைய வாங்கிக் குடுங்க" என்றார்.

அதற்காக அவர் அலைந்த அலைச்சல் பெரிது. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் அந்த டிராக்டர் ஓட்டுநரே வந்து, எந்த இடத்தில் கொட்டச் சொன்னார்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னார். அவருக்கு என்ன தோன்றி வந்தார் என்று சார் விசாரித்துக்கொண்டே இருந்தார். "திடீர்னு நல்லவனாகிட்டான், எனக்கு என்னமோ இடிக்குது" என்பார். நில அளவையர் வந்து சங்கிலி போட்டுப் பார்த்ததில், வேலிக்குள் இருந்ததில் பெரும்பகுதி கண்மாய் என்று தெரிந்தது. கொட்டியதைத் தோண்டி எடுக்க உத்தரவு வந்தது. முழுதும் எடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த மழையில் தண்ணீர் கடைசித் தெருவின் வாசற்படிகளோடு நின்றுவிட்டது. தலைவர் பதவி விலகினார். முத்துலட்சுமி வாசலுக்குத் திரும்பி வந்தார்.

இதெல்லாம் நடந்ததும் தெரு சாரைக் கொண்டாடியது என்று எழுதினால் அவரே என்னைச் சந்தேகப்படுவார். பலர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கண்மாய்ப் பக்கம் அவருக்கும் ஏதோ இடம் இருக்கும், அதனால்தான் இத்தனை அக்கறை என்றார்கள். ஒரு காலை அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வண்டிக் கட்டடக் கழிவு கிடந்தது. உடைந்த கழிப்பறைப் பீங்கானும் ஆணி பிடித்த பலகையுமாகக் கேட்டைத் திறக்க முடியாதபடி குவித்திருந்தார்கள். நான் போவதற்குள் முத்துலட்சுமி வந்துவிட்டிருந்தார். கேட்டுக்கு உள்ளே சாரும் வெளியே அவருமாக, பீங்கானை ஒரு பக்கம், பலகையை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு சார் பண்ணியிருப்பா?" என்று முத்துலட்சுமி கேட்டார்.

"தெரியலம்மா. நம்ம தெரு ஆளுதான். இந்தப் பீங்கான் கலரை நான் யார் வீட்டுலயோ பாத்திருக்கேன்."

யார் வீடு என்பது அவருக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தும் எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்று அதைக் கொட்டியவர் இறுதி ஊர்வலத்தில் எங்களோடு நடந்து வந்திருக்கவும் கூடும்.

அதன் பிறகு காலைப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மைய வாசலுக்குப் போய், முத்துலட்சுமி வாங்கி வரும் டீயைக் குடித்துவிட்டு வருவது அவருக்கு வழக்கமானது. டீயில் தூள் மாறியிருக்கிறது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். வீட்டில் ஏதாவது உடைத்து அவர் சாக்கில் கட்டிக்கொண்டு போனால் முத்துலட்சுமி அதையும் கவிழ்த்துத்தான் பார்ப்பார். "என்னையுமா?" என்பார் சார். "உங்களைத்தான் சார் முதல்ல பாக்கணும்" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே அவர் எதையாவது உடைக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அடக்க ஆராதனையில், எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த ஆயர் அவரைப் பற்றிச் சொல்லும்போது, "எல்லா மனிதரையும் குழந்தையைப் போல நம்பியவர்" என்றார். வசந்தி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டோம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அழுதுகொண்டே சிரித்தது எனக்கு அதுவே முதல் தடவை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கிரேஸ் அக்காவின் கல்லறைக்கு அருகில் அவரை வைத்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது முத்துலட்சுமியைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். குழியின் உட்சுவர் கட்டிய கொத்தனார்கள் மீதி செங்கல் துண்டுகளையும் காய்ந்த சிமெண்டுக் கட்டிகளையும் அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் எதிரில் நின்றிருந்தார்.

"இத எங்கண்ணே கொண்டுபோறீக?"

"நாங்க பாத்துக்கிறோம்மா. நீங்க போங்க."

"நானும் பாத்துக்கிறேன்" என்றார் முத்துலட்சுமி.

சாக்குகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். கண்கள் அழுது சிவந்திருந்தன. வண்டி கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து, ஒரு கணம் நின்றது. இடது பக்கம் போனால் கண்மாய், வலது பக்கம் போனால் மையம். வசந்தி காரில் காத்திருந்தார். நான் ஏறவில்லை. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நின்று பார்த்தேன்.

வலது பக்கம்தான் திரும்பியது, சார். நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.